ஓஎஸ்பிஎஃப்பில் காஸ்ட்டைக் கையால் போடுவது

ரூட்டர்கள் தங்களுக்குள் பேசி வழியைக் கண்டுபிடிக்கும் முறை ஓஎஸ்பிஎஃப். ஒவ்வொரு லிங்க்குக்கும் அது வைத்திருக்கும் எண்தான் காஸ்ட்; மொத்தக் காஸ்ட் குறைந்த வழியில் பாக்கெட் போகும். கோவையில் ஒரு மில்லின் அலுவலகத்துக்கும் குடோனுக்கும் இடையே இரண்டு லிங்க். ஒன்று ஒரு ஜிகாபிட் ஃபைபர், இன்னொன்று அவசரத்துக்கு வைத்திருந்த 100 எம்பிபிஎஸ் ரேடியோ. குடோனில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் ஒரு கம்ப்யூட்டரில் கம்பெனியின் ஈஆர்பி மென்பொருள் பறக்கும், இன்னொன்றில் நகராது. ஆளாளுக்கு ஆன்ட்டிவைரஸைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

ரூட்டரில் 'ஷோ ஐபி ரூட்' அடித்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. ஒரே நெட்வொர்க்குக்கு இரண்டு நெக்ஸ்ட் ஹாப் (அடுத்துப் போக வேண்டிய ரூட்டர் முகவரி), இரண்டும் ஒரே காஸ்ட். சிஸ்கோ ரூட்டர்களின் மென்பொருளான ஐஓஎஸ்ஸில், காஸ்ட் கணக்குக்கு அடிப்படையான ரெஃபரன்ஸ் பேண்ட்வித் இன்னமும் 100 எம்பிபிஎஸ்தான். அதை லிங்க் வேகத்தால் வகுத்தால் ரேடியோவுக்கு 1, ஃபைபருக்கு 0.1. காஸ்ட் 1க்குக் கீழே போகாது, ஆகவே ஃபைபருக்கும் 1. அனுப்புபவர், பெறுபவர் முகவரிகளைப் பார்த்து ரூட்டர் பாதிப் பேரை ரேடியோவில் ஏற்றிவிட்டது.

'ஆட்டோ-காஸ்ட் ரெஃபரன்ஸ்-பேண்ட்வித் 100000' போட்டால் 10 ஜிகாபிட்டுக்கு 10, ஒரு ஜிகாபிட்டுக்கு 100, ரேடியோவுக்கு 1000 என்று பிரிந்துவிடும். எல்லா ரூட்டரிலும் ஒரே எண் இருக்க வேண்டும். சிஸ்கோவின் நெக்சஸ் சுவிட்ச் 40 ஜிகாபிட்டையும் இலவச ரூட்டிங் மென்பொருளான எஃப்ஆர்ஆர் 100 ஜிகாபிட்டையும் அடிப்படையாக வைத்துக்கொள்ளும், கலந்து வைத்திருப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வெளி லிங்க்குகளுக்கு நான் 'ஐபி ஓஎஸ்பிஎஃப் காஸ்ட்' என்று இன்டர்ஃபேஸிலேயே எழுதிவிடுவேன். சர்வீஸ்காரர் 50 எம்பிபிஎஸ் லைனை ஜிகாபிட் போர்ட்டில் கொடுத்துவிட்டுப் போவார்; ரூட்டருக்கு அது ஜிகாபிட்தான். இரண்டு முனையிலும் எழுத வேண்டும். காஸ்ட் வெளியே போகும் திசைக்கு மட்டும்தான். ஒரு பக்கம் விட்டால் பாக்கெட் ஃபைபரில் போய் ரேடியோவில் திரும்பும், நடுவில் ஃபயர்வால் இருந்தால் ஒரு திசையை மட்டும் பார்த்துவிட்டுத் தடுத்துவிடும், அதோடு சரி.

அப்புறம் ரீடிஸ்ட்ரிபியூஷன், அதாவது ஒரு ரூட்டிங் முறையில் தெரிந்த ரூட்டுகளை இன்னொன்றுக்குள் விடுவது. குடோனில் ஒரு பழைய பெட்டிக்கு ரிப் என்ற பழைய ரூட்டிங் முறை மட்டும்தான் தெரியும். அதன் ரூட்டுகளை இரண்டு ரூட்டர்கள் ஓஎஸ்பிஎஃப்புக்குள் கொண்டுவந்தன, இங்கிருந்து அங்கேயும் அனுப்பின. இதுதான் பயப்பட வேண்டிய இடம். முதல் ரூட்டர் உள்ளே விட்டதை இரண்டாவது ஓஎஸ்பிஎஃப் வழியாகக் கேட்கும். எந்த முறையை முதலில் நம்புவது என்பதற்கு ரூட்டர் வைத்திருக்கும் எண் டிஸ்டன்ஸ்; ரிப்பின் டிஸ்டன்ஸ் 120, ஓஎஸ்பிஎஃப்பின் டிஸ்டன்ஸ் 110. குறைந்ததையே நம்பி, அதே ரூட்டைத் திரும்ப ரிப்புக்குள் தள்ளும். அங்கே அதன் மெட்ரிக் (வழியின் தூரத்தைக் காட்டும் எண்) அசலைவிடக் குறைவாக விழுந்தால் லூப் தொடங்கிவிடும், பாக்கெட் சுற்றிச் சுற்றி வரும்.

உள்ளே வரும்போது ரூட்-மேப்பில் (ரூட்டுகளுக்கான விதிப் பட்டியல்) ஒரு டேக், அதாவது அடையாள எண், குத்தி, ரிப்புக்குத் திரும்பும்போது அந்த டேக் உள்ளதைத் தடுத்துவிட்டேன். இரண்டாவது ரூட்டர் சுற்றுவழியில் போகாமலிருக்க, ஓஎஸ்பிஎஃப் வெளி ரூட்டுகளின் டிஸ்டன்ஸை இரண்டிலும் 130 ஆக்கினேன். மெட்ரிக் வகையை, உள் காஸ்ட்டையும் சேர்த்துக் கூட்டும் ஈ1 ஆக மாற்றினேன். இயல்பான ஈ2 வழியெங்கும் 20 என்றே காட்டும், உள் காஸ்ட்டைக் கூட்டாது. ரிப்புக்கு அனுப்புகையில் மெட்ரிக் சொல்லாவிட்டால் ரூட்டே போகாது. பழைய ஐஓஎஸ்ஸாக இருந்தால் 'சப்நெட்ஸ்' என்ற சொல்லையும் சேருங்கள், இல்லையென்றால் சப்நெட் எதுவும் உள்ளே வராது.

அந்தப் பழைய பெட்டியை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். கையால் எழுதும் ஸ்டாட்டிக் ரூட்டே போதுமான இடம் அது.