உரப்பைக்குள் ஊர் அரிசி
மட்டக்களப்புப் பேருந்து நிலையத்தில் இன்று இரவு, கொழும்புக்குப் புறப்படவிருந்த மகனிடம் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையைச் சேர்ந்த தாயொருவர் வாய் தைத்த உரப்பையொன்றைக் கொடுத்தார்.

"நம்மட வயல் அரிசி மனே, கடையில வாங்காத."

அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெல் விளையும் மண்ணிலிருந்து அரிசியைச் சுமந்துகொண்டு அவன் வேலைக்குப் போகிறான்.

நாட்டின் நிலப்பரப்பில் 6 வீதம்கூட இல்லாத, கொழும்பை உள்ளடக்கிய மேல் மாகாணத்தில், 2012 குடிசன மதிப்பீட்டின்படி சனத்தொகையின் 28 வீதத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தார்கள்.

2014இல் வாவிக்கு மேலாகப் படுவான்கரையை இணைக்கும் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபோது, ஓடத்துக்காகக் காத்திருந்த காலம் முடிந்ததென்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். பாலம் அவசியமானதுதான், ஆனால் அதன் மேற்குக் கரையில் அரிசி ஆலைகளும் பாற்பண்ணைத் தொழில்களும் பெருகாவிட்டால், பிள்ளைகள் வெளியேறும் வழியாகவே அது இருந்துவிடும்.

பேருந்து புறப்பட்டதும், கொக்கட்டிச்சோலைக்கு இனி பேருந்து இருக்கிறதா என்று அந்தத் தாய் என்னிடம் கேட்டார்.