மாடிக்கு மண் ஏற்ற ஒரு கை வின்ச்

மாடித்தோட்டத்துக்கு மண் மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போனதில் ஆரம்பித்த வேலை இது. முதலில், பரணில் கிடந்த கிணற்று ராட்டினத்தை மாடியில் பைப் கட்டி மாட்டினேன். 30 கிலோ மூட்டையின் 30 கிலோவும் அப்படியே கையில் இறங்கியது. ஒற்றை ராட்டினம் இழுக்கும் திசையைத்தான் மாற்றும், பாரத்தைக் குறைக்காது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், உள்ளங்கை எரிந்தபோது ஞாபகம் வந்தது.

சரி, வின்ச்சே செய்துவிடலாம் என்று இறங்கினேன். வின்ச் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பழநி மலையில் ஏறும் பெட்டி. உண்மையில் அந்தப் பெட்டியை வடம் சுற்றி இழுக்கிற எந்திரத்துக்குத்தான் அந்தப் பேர். விசைப்படகில் மடிவலை இழுப்பதும், சேற்றில் சிக்கிய ஜீப்பை வெளியே கொண்டுவருவதும் இதே சாதனம்தான்.

என்னுடையது 10 செ.மீ. விட்டம், 15 செ.மீ. நீளமுள்ள இரும்புக் குழாய். இரு பக்கமும் தட்டு, பழைய பேரிங் இரண்டு, 30 செ.மீ. கைப்பிடி. கைப்பிடி நீளத்தை உருளையின் ஆரத்தால் வகுத்தால் 6. ஆக, 30 கிலோவுக்குக் கை கொடுக்க வேண்டியது ஐந்தாறு கிலோதான், உராய்வுக்குக் கொஞ்சம் கூட. பதிலுக்கு ஒரு சுற்றுக்கு ஓர் அடி, மிஞ்சினால் இன்னும் ஓர் அங்குலம்தான் ஏறும்.

முதல் மூட்டை கைப்பிடிச் சுவர் வரை ஜோராக வந்தது. அப்போதுதான் அம்மா கேட்டார்: "கைப்பிடிய விட்டுட்டு மூட்டைய எப்படிடா எடுப்ப?"

விட்டுப் பார்த்தேன். விர்ரென்று சுழன்ற கைப்பிடி மணிக்கட்டில் போட்ட போடு ஒரு வாரம் வீங்கியிருந்தது. நல்லவேளை, கீழே ஆள் இல்லை. லேத் பட்டறையில் 12 பல் வைத்த சக்கரம் வெட்டி, மேலே விழும் இரும்பு நாக்கு ஒன்று பொருத்தினேன். இப்போது சுற்றும்போது டக் டக் என்று ஒவ்வொரு பல்லாக விழும். எங்கே விட்டாலும் மூட்டை அங்கேயே நிற்கும்.

கயிற்றில் இரண்டு பாடம். கடைசி மூன்று சுற்றை உருளையிலிருந்து அவிழ விடக்கூடாது. பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குவது அந்தச் சுற்றுகளின் உராய்வு, முடிச்சு அல்ல. இன்னொன்று, உருளை நிறைந்து கயிறு இரண்டாம் அடுக்கில் ஏறியதும் ஆரம் கூடிவிடுகிறது, கைக்குக் கனம் தெரிகிறது. மூட்டை மேலே வரப்போகும் நேரம் பார்த்துத்தான் இது.

இதுவரை 11 மூட்டை ஏறிவிட்டது. ஒவ்வொன்றும் சன்ஷேடில் ஒருமுறை இடித்துவிட்டுத்தான் வருகிறது. வின்ச் கயிறு ஏறி இறங்குகிற அந்தப் பழைய ராட்டினத்தை இன்னும் இரண்டடி வெளியே தள்ளி மாட்ட வேண்டும்.