ஒரு சொல் சிங்களம்

"சேர், இப்போது எனக்குச் சிங்களம் தெரியும்."

கல்முனை பஸ் நிலையத்தில் அவன் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அந்தச் சிரிப்பைப் பல இரவுகளில் திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறேன். சில இரவுகளில் அது பழகிய முகத்தைக் கண்டவனின் சிரிப்பு. சில இரவுகளில் அப்படி இல்லை.

என் மகனின் வயதுதான் இருக்கும், அதனால் அவன் என்று எழுதுகிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

2019 மே மாதத்தை எங்கள் பக்கத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். எங்கள் ஒழுங்கையாலும் ஒரு சின்னச் சவப்பெட்டி போனது. அதற்குச் சில நாட்களில் சாய்ந்தமருது, குண்டுதாரிகளின் ஆட்கள் ஒரு வீட்டில் குண்டுகளை வெடிக்க வைத்த ஊர். அந்த நிலையில்தான், அம்பாறை மாவட்டத்துப் பொலிஸ் நிலையம் ஒன்றில் வாக்குமூலம் எடுக்கத் தமிழ் தெரிந்தவர் இல்லையென்று மொழிபெயர்ப்பாளனான என்னை அனுப்பினார்கள். பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு முஸ்லிம் பெரியவர் வந்து அமர்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார். காத்தான்குடியிலிருந்து களுவாஞ்சிக்குடி வரை நான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு போனேன். அவர் அங்கே இறங்கும்போது பையிலிருந்து மாம்பழ வாசம் வந்தது.

அந்த மனநிலையோடுதான் போய் மேசையில் உட்கார்ந்தேன்.

வாக்குமூலம் கொடுக்க எதிரே இருந்த அவன் பிடவைக் கடையில் வேலை செய்பவன். வீட்டில் எடுத்தவை என்று மேசையில் வைத்திருந்தவை இரண்டு அரபுப் புத்தகங்களும் ஒரு கொப்பியும். கேள்விகள் வழமையானவை. ஜனவரியில் எங்கே இருந்தாய் என்று கேட்டபோது, "கடைக்கு மூன்று நாள் லீவு போட்டு ஜமாஅத்தில் போயிருந்தேன்" என்றான். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி நிமிர்ந்தார். அவனிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார். "மாத்தயா, ஜமாஅத் என்றால் என்ன?"

"கண்டாயம" என்றேன்.

குழு என்பதற்கு அதுதான் சிங்களம். கிரிக்கெட் அணிக்கும் அதே சொல்தான். அகராதியை வைத்து யாரும் என்னைப் பிழை பிடிக்க முடியாது. அவர் தலையசைத்துவிட்டு எழுதினார், நீளமாக எழுதினார். நான் சொன்னது ஒரு சொல்தான் என்பது அப்போதே எனக்கு உறைத்தது.

எனக்குத் தெரியாமல் இல்லை. என் அலுவலகத்தில் காத்தான்குடிக்காரர் ஒருவர் ஆண்டுதோறும் ஜமாஅத்தில் போவார். பாயும் சட்டிபானையும் கட்டிக்கொண்டு வேறு ஊர்ப் பள்ளிவாசலில் போய்த் தங்குவார்கள், தாங்களே சமைப்பார்கள், வீடுவீடாகப் போய்த் தொழுகைக்கு வரச் சொல்வார்கள். மூன்று நாள் போகிறவர்கள் உண்டு, நாற்பது நாள் போகிறவர்களும் உண்டு. அவர் நாற்பது நாள் போன ஆண்டில் அவருடைய கோப்புகளையும் நான்தான் பார்த்தேன், அலுத்துக்கொண்டே. இந்தத் தப்லீக் ஜமாஅத்துக்கும், குண்டுத் தாக்குதலுக்காக அந்த ஏப்ரலில் தடை செய்யப்பட்ட தேசிய தவ்ஹீத் ஜமாஅத்துக்கும் பொதுவாக இருப்பது அந்தச் சொல் ஒன்றுதான். தவ்ஹீத்காரர்கள் தப்லீக்காரர்களின் வழியை ஏற்பதே இல்லை. இதையெல்லாம் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். அதிகாரி பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார் என்றுகூட ஞாபகம். இல்லை, அவர் காத்திருக்கவில்லை என்று நினைக்கும் நாட்களும் உண்டு.

மொழிபெயர்ப்பாளன் சொன்னதைச் சொல்ல வேண்டும், கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். நீண்ட காலம் இதற்குள்தான் ஒளிந்திருந்தேன். ஆனால் அந்த விதி அவன் பேசியதற்குத்தான். அந்தக் கேள்வி எனக்கு வந்தது.

இதில் வெட்கம் என்னவென்றால், புதிதாகச் சேரும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு நான் வகுப்பெடுக்கிறேன். சிங்கராசா வழக்கில்தான் தொடங்குவேன். 1993இல் மட்டக்களப்பு மாவட்டத்தில் சுற்றிவளைப்பில் பிடிபட்ட நல்லரத்தினம் சிங்கராசாவுக்குச் சிங்களம் தெரியாது. அவருடைய வாக்குமூலத்தை மொழிபெயர்த்ததும் ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள், தட்டச்சு செய்ததும் அவரே. சிங்களத்தில் இருந்த அந்தத் தாளில் இருந்தது சிங்கராசாவின் கைரேகை. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டப்படி பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் செல்லாது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அதைச் செல்லுபடியாக்கியது, மிரட்டி வாங்கியது என்று நிரூபிக்கும் சுமையையும் கைதியின் தலையிலேயே வைத்தது. 1995இல் 50 ஆண்டுச் சிறை, மேன்முறையீட்டில் 35 ஆனது. ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் அது நியாயமான விசாரணை அல்ல என்றது. உயர் நீதிமன்றம் 2006இல் அதை ஏற்கவில்லை. "அந்தக் கான்ஸ்டபிளின் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்" என்று வகுப்பில் சொல்வேன். இப்போதும் சொல்கிறேன். தொண்டை சற்று அடைக்கும், பிள்ளைகள் அதை உணர்ச்சி என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

1990இல் என் அண்ணனை, தலையை ஆட்டி ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியின் முன்னால் நிறுத்தினார்கள். சாக்கு மூடிய தலை ஒன்று, இரண்டு ஓட்டை, அதற்குள் யார் என்று தெரியாது. அது ஆடவில்லை, அண்ணன் வீடு வந்தார். முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் வரவில்லை. அந்தச் சாக்குக்குள் இருந்தவன் என்ன நினைத்திருப்பான் என்று அம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்தக் கேள்வி அப்போது விசராகத் தோன்றியது.

நான் விளக்கியிருந்தால் அவனை விட்டிருப்பார்களா? விட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் பல நாள் முடிவெடுக்கிறேன். அந்த மாதத்தில் அரபு எழுத்து இருந்த கொப்பியே போதுமாக இருந்தது. அந்தத் தாளை ஒரு நீதவான் வாசித்திருப்பாரா என்பதும் சந்தேகம். இந்த முடிவோடு தூங்கலாம். ஆனால் விட மாட்டார்கள் என்று தெரிந்ததால்தான் பேசாமல் இருந்தேன் என்று சொல்ல முடியாது. பேசாமல் இருந்தபோது எனக்குள் இருந்தது கணக்கு அல்ல. எங்கள் ஒழுங்கையால் போன அந்தப் பெட்டி. இவன் சற்றுக் கஷ்டப்படட்டுமே என்ற ஓர் எண்ணம். இவன் என்றால் இவனல்ல, இவர்கள்.

பதினான்கு மாதம் உள்ளே வைத்திருந்து, குற்றப்பத்திரம் இல்லாமலே விட்டார்கள். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை என்பதால் பிழையான தீர்ப்பு என்று எந்தப் பட்டியலிலும் இது வராது. கடையில் அவனுடைய இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள் என்று அலுவலக நண்பர் சொல்லித்தான் தெரியும். நண்பரிடம் நான் அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்லவில்லை.

பஸ் நிலையத்தில் அவன்தான் என்னை அடையாளம் கண்டான். சிங்களம் தெரியும் என்று அவன் சொன்னதும், வாய் தானாகவே கேட்டது: "எங்கே படித்தீர்கள்?"

"உள்ளேதான், சேர்."

மட்டக்களப்பு பஸ் நிரம்பிக்கொண்டிருந்தது. என் பையை வாங்கி, யன்னல் வழியாக உள்ளே எட்டிப் போட்டு இடம் பிடித்துத் தந்தான். நான் ஏறி உட்கார்ந்தேன். அந்த வாக்குமூலத்தின் பிரதியை அவனுடைய சட்டத்தரணி அவனுக்குக் கொடுத்திருப்பாரா, அவன் அதை வாசித்திருப்பானா என்று கேட்க யன்னலோரம் சாய்ந்தேன். "கவனமாகப் போங்கள், சேர்" என்றான். பஸ் புறப்பட்டுவிட்டது.