அண்ணனின் தூக்கம்: ஆடி மாதக் குறிப்புகள்

ஆகஸ்ட் 4, திங்கள்

சோமனூரில் இருந்து அண்ணி போன் செய்தார். தறிக்குடோனில் ராத்திரி ஷிப்ட் முடித்து விடிகாலை வந்து படுக்கும் அண்ணனுக்குத் தூக்கமே பிடிப்பதில்லையாம். எந்நேரமும் அசதி, பேச்சும் குறைந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா அமுக்கராச் (அஸ்வகந்தா) சூரணம் வாங்கித் தந்திருக்கிறார். வைத்தியரைப் பார்க்கும்வரை பிரிக்க வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கோவையில் ஆயுர்வேத வைத்தியரிடம் கூட்டிப் போனேன். பி.ஏ.எம்.எஸ். என்கிற ஆயுர்வேதப் பட்டம் படித்தவர். நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். அப்புறம் கேள்விகள்தான். எப்போது சாப்பாடு, ராத்திரி எத்தனை டீ, பகலில் படுக்கிற அறையில் வெளிச்சம் வருமா, மலச்சிக்கல் உண்டா. "இப்பல்லாம் குளிரு தாங்கறதில்லீங்க" என்று அண்ணன் சொன்னதும் பேனாவை எடுத்துவிட்டார்.

"அம்மிணி, மருந்து அப்புறம். மொதல்ல தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பாத்துட்டு வாங்க."

இப்படி ஒரு வைத்தியர் கிடைத்ததில் எனக்குப் பெரிய நிம்மதி.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, அதாவது தைராய்டு சரியாகச் சுரக்கவில்லை. மற்றதெல்லாம் சரி. தைராய்டு சுரப்பு குறைந்தால் அசதி, குளிர், மலச்சிக்கல், மனச்சோர்வு எல்லாமே வரலாம். ஆங்கில மருத்துவர் லீவோதைராக்சின் என்கிற தைராய்டு மாத்திரை எழுதினார். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும், 6 வாரம் கழித்துத் திரும்ப ரத்தப் பரிசோதனை.

அமுக்கரா வேண்டவே வேண்டாம் என்றார் வைத்தியர். அது தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடும், மாத்திரையோடு சேர்ந்தால் அளவு குழம்பும். அபூர்வமாகக் கல்லீரலையும் பாதிக்கும். நாட்டு மருந்து என்றால் பக்க விளைவே இல்லை என்கிற பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

உணவு, தூக்கம், பிரம்மசரியம் மூன்றும் உடம்பைத் தாங்கும் துணைத்தூண்கள் என்கிறது பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை. தூக்கம் வரவழைப்பதில் எருமைப்பாலுக்கே அதில் முதலிடம். எண்ணெய் தேய்ப்பும் சொல்லப்பட்டிருக்கிறது. வைத்தியர் தந்த முறையும் அதுவே. ஷிப்டுக்கு முன்பே வயிறாரச் சாப்பாடு, நள்ளிரவுக்கு மேல் டீ இல்லை, வந்ததும் வெதுவெதுப்பான எருமைப்பால். தைராய்டு மாத்திரை மத்தியானம் எழுந்த பிறகுதான், பாலும் அதுவும் ஒட்டக் கூடாது.

காலையில் அண்ணி ஜன்னலில் கறுப்புப் போர்வையைக் கட்டிவிட்டு, அண்ணன் காலை மடியில் வைத்து க்ஷீரபலா தைலம் தேய்த்தார். கால் விரலிடுக்கில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தார். குதிகாலில் கட்டை விரலை அழுத்தி வட்டமாகத் தேய்க்கத் தேய்க்க, அண்ணன் தோள் தளர்ந்தது. நெற்றியில் எண்ணெயை ஒழுகவிடும் சிரோதாரா செய்யலாமா என்று வைத்தியரிடம் கேட்டிருந்தேன். இப்போது அவசரமில்லை, செலவும் அதிகம் என்று சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 16, சனி

தூக்கம் கொஞ்சம் நீள்கிறது. ஆனால் இன்று, "எதுக்கு இருக்கறோம்னு தோணுது அம்மிணி" என்றார் அண்ணன். இதை எண்ணெயிலும் பாலிலும் விட்டுவைக்க முடியாது. சாகணும் என்று நினைப்பு வருகிறதா என்று நேராகவே கேட்டேன். ஆமாம் என்று தலையை ஆட்டினார். பக்கத்திலேயே உட்கார்ந்து 14416-க்குப் போட்டேன். டெலிமானஸ், அரசின் இலவச மனநல உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அண்ணனும் பேசினார். வைத்தியருக்குச் சொன்னதும், உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள் என்று சொன்னார்.

சாயங்காலமே கூட்டிப் போகிறோம். அதுவரை அண்ணனைத் தனியாக விடுவதில்லை. முதலாளியிடம் பகல் ஷிப்ட் கேட்க மாமா போயிருக்கிறார்.