அவுட்டோர் ஜாக்கெட் டிசைன் போட்டிக்கு ரெடியாகுறீங்களா? எங்க அனுபவம்

டெக்ஸ்டைல், ஃபேஷன் டெக்னாலஜி படிக்கிற தம்பி தங்கச்சிங்க நிறைய பேர் இத கேக்குறீங்க, அதனால ஒரே இடத்துல எழுதிடுறேன். நாங்க திருப்பூர் பக்கத்துல இருந்து மூணு பேர் டீமா சேர்ந்து ஒரு ஸ்டூடண்ட் டிசைன் போட்டிக்கு மழை ஜாக்கெட் பண்ணி அனுப்பினோம், ஷார்ட்லிஸ்ட் ஆகி ஜூரி முன்னாடி பிரசண்ட் பண்ற வரைக்கும் போனோம். அதுல கத்துக்கிட்டதுல முக்கியமானது ஒண்ணுதான்: யாருக்காக, எந்த ஊர் மழைக்காகன்னு முடிவு பண்ணாம ஸ்கெட்ச் புக்க தொறக்காதீங்க.

முதல்ல பிரீஃப்ப, அதாவது போட்டியில என்ன பண்ணணும்னு குடுக்குற குறிப்ப, ஒழுங்கா படிங்க. ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு குறி இருக்கும். 2018ல அடிடாஸோட சேர்ந்து ஆரம்பிச்ச வூல்மார்க் பெர்ஃபாமன்ஸ் சேலஞ்ச் மாதிரி போட்டின்னா மெரினோ கம்பளிதான் மையமே, அது தன் எடையில கிட்டத்தட்ட 30 சதவீதம் வரைக்கும் ஈரத்த உறிஞ்சும் ஆனா தொட்டா ஈரமா தெரியாது, அந்த குணத்த வச்சு என்ன பண்றீங்கன்னுதான் பாப்பாங்க. அங்க போய் சூப்பரா ஒரு நைலான் ஷெல் (வெளி ஜாக்கெட்) வரைஞ்சு என்ன பிரயோஜனம்?

எங்க பிரீஃப் பொதுவா இருந்துச்சு, 'மோசமான வானிலையில வேலை செய்றவங்களுக்கான மேலாடை'. எல்லாரும் பனிமலை ஏறுறவங்கள எடுப்பாங்கன்னு தெரியும், நாங்க பனிய பாத்ததே இல்ல, பாக்காத குளிருக்கு டிசைன் பண்றத விட பாத்த மழைக்கு பண்ணலாம்னு ஆனைமலை பக்கம் காட்டுல ரோந்து போற வனத்துறை வாட்சர் அண்ணன்கள எடுத்துக்கிட்டோம். வால்பாறை சின்னக்கல்லார் பக்கம் ஜூன்ல புடிச்ச மழை செப்டம்பர் வரைக்கும் விடாது. புலிகள் காப்பகத்துக்குள்ள பர்மிஷன் இல்லாம போகக்கூடாது, அதனால டியூட்டி முடிஞ்சு வர்றவங்கள டீக்கடையில உக்கார வச்சு பேசினோம், அதுவே போதுமானதா இருந்துச்சு.

ஒரு அண்ணன் சொன்னாரு, "ரெயின்கோட்டு போட்டா வேர்வையில நனையுறோம், போடலைன்னா மழையில நனையுறோம் தம்பி, அதுலயும் தொப்பிய மாட்டுனா காது கேக்கல, யானை பக்கத்துல நின்னு கெளைய ஒடிச்சாலும் தெரியாது." இந்த ஒரு வரியில எங்க டிசைன் பாதி முடிஞ்சிருச்சு. ஹூட் காத அடைக்கக்கூடாது. துணி நடக்கும்போது சரசரன்னு சத்தம் போடக்கூடாது, கடைசி மூணு துணியில எதுன்னு முடிவு பண்ணும்போது அத காதுகிட்ட வச்சு கசக்கி பாத்துதான் எடுத்தோம். கலரும் காட்டுல பளிச்சுனு தெரியக்கூடாது. ரத்தம் உறிஞ்சுற அட்டை ஏறாம இருக்க அவங்க முழங்கால் வரைக்கும் நெருக்கமா நெய்த துணியில சாக்ஸ் போடுவாங்க, அதுல ஜாக்கெட் எங்கயும் சிக்கக்கூடாது. இதெல்லாம் இன்டர்நெட்ல மூட்போர்டுக்கு (ஐடியாவுக்கு ஒட்டுற படத்தொகுப்பு) படம் தேடினா கிடைக்காது.

அடுத்தது எல்லாரும் சறுக்குற இடம், அதான் 'ப்ரீதபிள் மெம்ப்ரேன்', அதாவது மழைத்தண்ணிய உள்ள விடாம வேர்வை ஆவிய மட்டும் வெளிய விடுற மெல்லிய படலம். 1969ல பாப் கோர் பிடிஎஃப்இங்கற பிளாஸ்டிக்க (டெஃப்லான்) சட்டுனு இழுத்து நுண்துளை உள்ள ஃபிலிம் ஆக்கினதுல இருந்து வந்த டெக்னாலஜி, அருமையான விஷயம், ஆனா எல்லா ஊருக்கும் அதே மாதிரி வேலை செய்யாது. வேர்வை ஆவி தானா வெளிய போயிடாது, உள்ள ஆவி அழுத்தம் கூடவும் வெளிய கம்மியாவும் இருந்தாதான் போகும். ஈரமான தோல் 35 டிகிரின்னா அங்க அழுத்தம் சுமார் 5.6 கிலோபாஸ்கல். வெளிய 5 டிகிரி குளிர்ல காத்து முழு ஈரமா இருந்தாலும் 0.9 தான், வித்தியாசம் 4.7. அதே வெளிய 25 டிகிரி, மழைபெஞ்சு காத்து முழு ஈரம்னா அங்கயே 3.2 இருக்கும், வித்தியாசம் 2.4, கிட்டத்தட்ட பாதி. அதாவது ஆல்ப்ஸ்ல ஜம்முனு வேலை செய்ற அதே ஜாக்கெட்ட நம்ம மலையில போட்டா ஆவிய தள்ளுற விசையே பாதியாயிடுது. அதனால நாங்க விலை கூடின மெம்ப்ரேன்ல காச கொட்டாம காத்தோட்டத்துக்கு வழி பண்ணோம், அக்குள்ல நீள ஜிப், முதுகுல மேல மடிப்பு விழுந்து உள்ள மெஷ் இருக்குற மாதிரி ஒரு திறப்பு. ஜூரி கேட்ட முதல் கேள்வியே "ஏன் த்ரீ லேயர் போடல"ன்னுதான் (வெளித்துணி, மெம்ப்ரேன், உள்துணி மூணும் ஒட்டின துணி), இந்த கணக்க காட்டினதும் அவங்க ஆர்வமா அடுத்தடுத்து கேக்க ஆரம்பிச்சாங்க. உங்க முடிவுக்கு பின்னாடி ஒரு காரணம் கணக்கா இருந்தா அதுக்கு இருக்குற மதிப்பே வேற.

டெஸ்ட்டுக்கு லேப் இல்லையேன்னு கவலைப்படாதீங்க. துணி வழியா எவ்ளோ நீராவி வெளிய போகுதுன்னு அளக்குற ஏஎஸ்டிஎம் இ96 கப் முறையோட அடிப்படைய ஹாஸ்டல் ரூம்லயே பண்ணலாம். ஒரே அளவு டம்ளருங்கள்ல தண்ணி ஊத்தி, வாயில துணிய இறுக்கி ஓரத்த டேப் போட்டு அடைச்சு, கிராம் கணக்கு காட்டுற கிச்சன் தராசுல எடை போடுங்க, 24 மணி நேரம் கழிச்சு மறுபடி போடுங்க. வாய் 7 செமீ விட்டம்னா பரப்பு 38.5 சதுர செமீ, 3 கிராம் குறைஞ்சிருந்தா ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு சுமார் 780 கிராம். இத ஆபீஷியல் நம்பர்னு போடாதீங்க, துணிக்கு துணி ஒப்பிட்டு பாத்ததுன்னு தெளிவா எழுதுங்க. பைனல் துணிக்கு மட்டும் கோயம்புத்தூர் சிட்ரா (ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம்) மாதிரி லேப்ல காச கட்டி ஐஎஸ்ஓ 811 தண்ணி அழுத்த டெஸ்ட்டும் ஸ்ப்ரே டெஸ்ட்டும் எடுத்துருங்க, அந்த ரிப்போர்ட் ஜூரிக்கு காட்டுற பிரசண்டேஷன் போர்டுல இருந்தா வெயிட்டு.

துணி தேடுறது தனி கத. திருப்பூர்ல பனியன் துணி எவ்ளோ வேணாலும் கிடைக்கும், காதர்பேட்டைல ஒரு சுத்து சுத்துனா பேஸ் லேயருக்கு (உடம்போட ஒட்டி போடுற உள்ளாடை) வேணும்ங்கற அளவு மிச்ச பின்னல் துணி கிடைச்சிரும், ஆனா கோட்டிங் போட்ட நைலான் நெசவுத்துணி சாம்பிளுக்கு ரெண்டு மூணு மீட்டர் கேட்டா யாரும் தர மாட்டாங்க, முன்கூட்டியே ஆரம்பிங்க. தண்ணி ஒட்டாம இருக்க போடுற ஃபினிஷ்ல பிஎஃப்ஏஎஸ் (சுற்றுச்சூழல்ல சீக்கிரம் அழியாத ஃப்ளோரின் கெமிக்கல்) இருக்கான்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கங்க. கலிபோர்னியா 2025 ஜனவரியில இருந்து துணிகள்ல அத தடை பண்ணிருச்சு, கடுமையான மழைக்கான உடைகளுக்கு மட்டும் 2028 வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க, பிரான்ஸ்லயும் 2026ல இருந்து தடை. இத பத்தி தெரியாம போனா ஜூரி முன்னாடி முழிக்கணும்.

பேட்டர்ன் போடும்போது கட்டிங் மாஸ்டர் ஒருத்தர பக்கத்துல வச்சுக்கங்க, சாஃப்ட்வேர்ல தெரியாதது அவருக்கு தெரியும். எங்க தோள்பட்டை தையல பாத்துட்டு மாஸ்டர் கேட்டாரு, "ஏங் கண்ணு, பை மாட்டுற எடத்துலயா தையல் போடுவீங்க? பட்டை அழுத்துனா தையல் மேல ஒட்டுன டேப் உரிஞ்சு அதுவழியாத்தான தண்ணி எறங்கும்." அந்த தையல அங்கயே சாக்பீஸ் போட்டு மார் பக்கமா கீழ எறக்கி வரைஞ்சு குடுத்தாரு. அக்குள்ல கஸெட் (கை தாராளமா அசைய வைக்கிற கூடுதல் துணித்துண்டு) வச்சு, ரெண்டு கையயும் மேல தூக்குனா இடுப்பு ஓரம் எவ்ளோ ஏறுதுன்னு டேப் வச்சு அளந்து அந்த நம்பரையும் போர்டுல போட்டோம். டார்ச் புடிச்சு கைய தூக்குறப்ப தண்ணி மணிக்கட்டு வழியா உள்ள ஓடாம இருக்க கஃப்புக்குள்ள இன்னொரு இலாஸ்டிக் வச்சோம்.

பிரசண்டேஷன் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. ரெண்டரிங் (ஜாக்கெட்ட வரைஞ்ச கலர் படம்) அழகா இருந்தா நல்லதுதான், ஆனா நனைஞ்ச ஜாக்கெட்ட போட்டுட்டு ஒரு ஆள் நடக்குற வீடியோ அத விட பேசும். டெக் பேக் (தைக்கிறவங்களுக்கான அளவு, துணி விவரம் எல்லாம் இருக்குற ஃபைல்), ஒவ்வொரு பாகத்தோட எடை கிராம்ல, கிழிஞ்சா எப்படி தச்சுக்கறது, இந்த மூணும் கண்டிப்பா இருக்கட்டும்.

கடைசியா, சப்மிட் பட்டன அமுக்குறதுக்கு முன்னாடி ரூல்ஸ்ல டிசைன் உரிமை யாருக்குன்னு இருக்குற பக்கத்த டீம்ல எல்லாரும் படிங்க. சிலதுல அனுப்பினாலே நடத்துறவங்க உபயோகிச்சுக்கலாம்னு இருக்கும், சிலதுல ஜெயிச்சவங்களோடது மட்டும்னு இருக்கும். புரியலைன்னா மெயில் போட்டு கேளுங்க, வர்ற பதில பத்திரமா வச்சுக்கங்க, காலேஜ் பேர்ல அனுப்புறீங்கன்னா டிபார்ட்மெண்ட்லயும் யார் யாருக்கு என்ன பங்குன்னு ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து வாங்கிருங்க.