ஹாரி கிரெப் பந்து விளையாடுகிறார்

நேற்று ராத்திரியும் அதையே போட்டுப் பார்த்தேன். நியூயார்க்கில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடி, வருடம் 1925. தலையைப் படிய வாரிய ஓர் ஆள், ஃபிலடெல்ஃபியா ஜாக் ஓ'பிரையன் என்ற பழைய சாம்பியனோடு சும்மா கை வீசிப் பழகுகிறார், அப்புறம் பந்தைச் சுவரில் கையால் அடித்து ஹேண்ட்பால் ஆடுகிறார். சத்தம் கிடையாது, கொஞ்ச நேரத்தில் முடிந்தும் விடும். "இன்னுமா அந்த ஊமைப் படம்?" என்று கேட்டுவிட்டு வீட்டில் தூங்கப் போய்விட்டார்கள்.

அந்த ஆள்தான் ஹாரி கிரெப். பிட்ஸ்பர்க்காரர், குத்துச்சண்டைக்காரர். கிட்டத்தட்ட 300 சண்டை போட்டவர், அதில் 1919ஆம் வருடம் மட்டும் 45, அதாவது எட்டு நாளைக்கு ஒன்று. 1923இலிருந்து 1926 வரை மிடில்வெயிட், அதாவது நடுத்தர எடைப் பிரிவில், உலக சாம்பியன். ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் டெம்ப்சியையே இரண்டு முறை வென்ற ஜீன் டன்னி வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் தோற்றிருக்கிறார். அது இவரிடம்தான், 1922 மே மாதம், முதல் ரவுண்டிலேயே மூக்கு உடைந்து, மீதி ரவுண்டுகள் முழுக்க ரத்தம் ஒழுக. இதில் கிரெப்புக்கு ஒரு கண்ணில் பார்வையே இல்லை என்பது அவர் செத்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

இத்தனை சண்டையில் ஒன்றுகூட, ஒரு ரவுண்டுகூட, இன்று பார்ப்பதற்குக் கிடையாது. மிஞ்சியதெல்லாம் மொட்டைமாடியில் பந்து விளையாடும் கிரெப்தான்.

அந்தக் காலத்தில் கேமரா ஏது என்று முதலில் நானும் நினைத்தேன். தப்பு. கிரெப் பிறந்தது 1894 ஜூன் 6. அவர் பிறந்து எட்டாவது நாள், ஜூன் 14, நியூஜெர்சியில் எடிசனின் ஸ்டூடியோவுக்குள் லியோனர்ட், குஷிங் என்ற இரண்டு பேரை மோதவிட்டுப் படம் எடுத்துவிட்டார்கள். மொத்தம் ஆறு ரவுண்டு. ரவுண்டுக்கு ஒரு பெட்டி என்று வரிசையாக வைத்து, துளை வழியாகக் குனிந்து பார்க்கவேண்டிய ஏற்பாடு, ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனிக் காசு. அதில் இன்று ஒரு நிமிடத்துக்கும் குறைவான துண்டுதான் இருக்கிறது.

உண்மையில் சினிமாவே குத்துச்சண்டைக்குக் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறது. அப்போதைய கேமராவில் ஃபிலிமை அதிக நீளத்துக்குப் போட்டால் இழுவை தாங்காமல் அறுந்துவிடும். முழுச் சண்டையையும் எடுத்துவிட வேண்டும் என்று வுட்வில் லேத்தம் என்பவரும் அவருடைய மகன்களும் அலைந்தார்கள், அவர்களோடு சேர்ந்த கைதேர்ந்த ஆட்கள் ஃபிலிம் ஓடும் வழியில் கொஞ்சம் தொளதொளப்பாக ஒரு வளைவை விட்டால் இழுவை குறையும் என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு லேத்தம் லூப் என்று பெயர், ஃபிலிம் ஓடுகிற கேமராவிலும் புரொஜெக்டரிலும் இன்றுவரை அதே வளைவுதான். அதை வைத்து 1895 மே மாதம் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்து மாடியில் கிரிஃபோ, பார்னெட் சண்டையை எடுத்து, அதே மாதம் காசு வாங்கித் திரையிலும் காட்டினார்கள். அந்தப் படம் போயே போய்விட்டது. லூப் மட்டும் பிழைத்தது.

அப்புறம் 1897 மார்ச் 17, நெவாடாவில் கார்சன் சிட்டி. கார்பெட்டும் ஃபிட்ஸிம்மன்ஸும். ஈனாக் ரெக்டர் என்பவர் மூன்று கேமராவை வைத்து 63 மில்லிமீட்டர் அகல ஃபிலிமில் முழுச் சண்டையையும் எடுத்தார், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடியது. உலகின் முதல் முழுநீளப் படம் இதுதான் என்று சொல்பவர்கள் உண்டு. ரிங்கின் விளிம்பில் காப்புரிமை படம் எடுத்த வெரிஸ்கோப் கம்பெனிக்கே என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்துவிட்டார்கள், எந்த பிரேமைத் திருடினாலும் பெயர் தெரியவேண்டும் என்று! ஆனால் காப்புரிமை எழுதிவைத்தால் ஃபிலிம் அழுகாமல் இருக்குமா? இன்று துண்டு துண்டாகத்தான் இருக்கிறது.

திருட வழியில்லாதவர்கள் போலிப்படம் எடுத்தார்கள். ஃபிலடெல்ஃபியாவில் சீக்மண்ட் லூபின் என்றொரு கில்லாடி, சரக்கு ரயிலில் மூட்டை தூக்கும் இரண்டு பேரைப் பிடித்து, பத்திரிகையில் வந்த ரவுண்டு விவரத்தைச் சொல்லிச் சொல்லி அதன்படி அடித்துக்கொள்ளவிட்டு, கார்பெட் ஃபிட்ஸிம்மன்ஸ் சண்டை என்று விற்றார். இந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்படி ஆரம்பத்திலேயே இவ்வளவு வெறியோடு படம் பிடித்துத் தள்ளியவர்கள், கிரெப் உச்சத்தில் இருந்த 1920களில் எங்கே போனார்கள் என்பதுதான் என் கேள்வி. நைட்ரேட் ஃபிலிம் சீக்கிரம் கெடும், தீப்பிடிக்கும், அதில் இருக்கும் வெள்ளிக்காக உருக்குவார்கள், எல்லாம் சரி. நம்முடைய முதல் பேசும் படம் காளிதாஸே இன்று இல்லையே. ஆனால் குத்துச்சண்டைக்கு மட்டும் இன்னொரு எமன் இருந்தான், அது ஒரு சட்டம்.

ஜாக் ஜான்சன் கதை தெரிந்திருக்கும். 1908 டிசம்பர் 26, சிட்னி, டாமி பர்ன்ஸை அடித்து ஹெவிவெயிட் பட்டம் வென்ற முதல் கறுப்பர். பதினான்காவது ரவுண்டில் போலீஸ் புகுந்து சண்டையை நிறுத்தியது, கேமராவையும் நிறுத்தச் சொன்னது. வெள்ளைக்கார சாம்பியன் கடைசியாக விழும் காட்சியை யாரும் பார்க்கக்கூடாதாம். அடுத்த வருடம் ஸ்டான்லி கெட்செலுடன் மோதிய படம் நன்றாகவே கிடைக்கிறது. பன்னிரண்டாவது ரவுண்டில் கெட்செல் ஓர் அடி கொடுக்கிறார், ஜான்சன் கீழே விழுகிறார், எழுந்த வேகத்தில் விடுகிற குத்தில் கெட்செல் மல்லாந்துவிடுகிறார், அவ்வளவுதான். படம் நீளமாக வரவேண்டும் என்பதற்காக இரண்டு பேரும் பேசிவைத்து மெதுவாக ஆடினார்கள், கெட்செல்தான் ஒப்பந்தத்தை மீறினார் என்று ஒரு பேச்சு உண்டு. பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

1910 ஜூலை 4, ரீனோ. ஓய்விலிருந்த ஜெஃப்ரீஸை "வெள்ளை நம்பிக்கை" என்று இழுத்து வந்து நிறுத்தினார்கள், ஜான்சன் நிதானமாக அடித்துப் பதினைந்தாவது ரவுண்டில் முடித்தார். அன்று ராத்திரியே அமெரிக்கா முழுக்கக் கலவரம், செத்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். அடித்தவனை விட்டுவிட்டுப் படத்தைத் தடை செய்யக் கிளம்பினார்கள். ஊர் ஊராகத் தடை வந்தது, கடைசியில் 1912 ஜூலையில் நாடாளுமன்றத்திலேயே சிம்ஸ் சட்டம்: குத்துச்சண்டைப் படத்தை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோவது குற்றம், வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதும் குற்றம். எழுத்தில் எங்கும் ஜான்சன் பெயர் இல்லை, நிறம் என்ற சொல்லும் இல்லை. யாருக்காக என்பது எல்லோருக்கும் தெரியும்.

இந்தச் சட்டத்தின் உச்சகட்ட காமெடி 1916இல். அதற்கு முந்தைய வருடம் ஹவானாவில் ஜான்சன் 26ஆவது ரவுண்டில் ஜெஸ் வில்லர்டிடம் தோற்றுப்போனார், இப்போது வெள்ளைக்காரன் ஜெயித்த படம், அமெரிக்காவில் போட்டால் காசு கொட்டும், ஆனால் சட்டம் குறுக்கே நிற்கிறது! ஒரு கோஷ்டி நியூயார்க் மாநிலத்தின் வடக்கு எல்லையில் ரௌசஸ் பாயின்ட் என்ற ஊருக்குப் போய், கனடா எல்லைக்கோட்டின் மேலேயே ஒரு பெட்டியை வைத்தது. கனடா பக்கம் நெகட்டிவ் ஓடும், அமெரிக்கப் பக்கம் வெற்று ஃபிலிம் ஓடும், நடுவில் விளக்கு வெளிச்சம் மட்டும் எல்லை தாண்டிப் போய் இந்தப் பக்கத்து ஃபிலிமில் பதியும். படத்தை நாங்கள் கொண்டுவரவில்லையே, வெளிச்சம்தானே வந்தது என்பது வாதம். நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. மூளையைப் பாராட்டத்தான் வேண்டும்.

சரி, கிரெப்புக்கு வருவோம். அவர் வெள்ளைக்காரர். ஆனால் சட்டம் எல்லார் தலையிலும்தான் விழுந்தது. 1925 ஜூலை 2 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில் மிக்கி வாக்கரோடு பதினைந்து ரவுண்டு ஆடி ஜெயித்தார் கிரெப், அவருடைய ஆகச் சிறந்த சண்டைகளில் ஒன்று. அதைப் படம் எடுத்தார்கள் என்றுதான் வழிவழியாகச் சொல்கிறார்கள். எடுத்திருந்தாலும் சட்டப்படி அது நியூயார்க் எல்லையைத் தாண்டக்கூடாது, கிரெப்பின் சொந்த ஊரான பிட்ஸ்பர்க்கில்கூடக் காட்டக்கூடாது. டெம்ப்சி மாதிரி பெரிய சாம்பியனாக இருந்தால் புரொமோட்டர்கள் கடத்திக்கொண்டு போய், பிடிபட்டால் அபராதம் கட்டிவிட்டு மேற்கொண்டு ஓட்டினார்கள், ஏனென்றால் வசூல் அபராதத்தைவிடப் பல மடங்கு. மிடில்வெயிட் சண்டைக்கு அந்தக் கணக்குக் கட்டுமா? ஒரே மாநிலத்தில் ஓட்டுவதற்காக யார் கேமராவும் ஃபிலிமும் செலவழிப்பார்கள்? அப்படியே எடுத்தாலும், கள்ளச் சரக்கை எவன் பெயர் எழுதி, தேதி போட்டு, அலமாரியில் அடுக்கிவைப்பான்? ஒரு கறுப்பன் ஜெயிப்பதை மறைக்கப் போட்ட சட்டம் ஒரு வெள்ளைக்காரனின் 300 சண்டையையும் சேர்த்து விழுங்கிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். சட்டத்தை எடுத்தது 1940இல். கிரெப் 1926 அக்டோபரிலேயே, மூக்கு ஆபரேஷனுக்குப் பிறகு, 32 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

படம் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிப்போயிற்று என்று கேட்கலாம். வில்லர்ட் சண்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் கிடக்கும் ஜான்சன் வெயிலுக்குக் கண்ணை மறைப்பது மாதிரி கையை முகத்தின் மேல் வைத்திருக்கும் ஒரு போட்டோ உண்டு, நான் வேண்டுமென்றேதான் தோற்றேன் என்று அவரும் பின்னால் காசு வாங்கிக்கொண்டு சொல்லிவிட்டார். பல வருடம் அந்த ஒரு போட்டோவை வைத்தே உலகம் பேசிக்கொண்டிருந்தது. படம் வெளியே வந்த பிறகு பார்த்தால், முதல் பாதியில் மனுஷன் வில்லர்டை உண்மையாகவே போட்டு அடிக்கிறார். தோற்பதற்குக் காசு வாங்கியவன் கியூபா வெயிலில் 26 ரவுண்டு எதற்கு நிற்கவேண்டும்? 1927இல் டெம்ப்சி, டன்னி ஆடிய இரண்டாவது சண்டையும் அப்படித்தான். ஏழாவது ரவுண்டில் டன்னி விழுந்து கிடந்தது பத்து விநாடியா பதினாலா என்ற தகராறில் இன்றும் ஸ்டாப் வாட்ச்சோடு உட்காரலாம், ஏனென்றால் படம் இருக்கிறது. விழுந்தவருக்கு எண்ணத் தொடங்குவதற்கு முன் போகவேண்டிய மூலைக்கு டெம்ப்சி போகாமல் நின்று நேரத்தை வீணடித்ததும் அதில் தெளிவாகவே தெரியும். (நான் டன்னி கட்சி.)

படம் இல்லாத இடத்தில் கதை மட்டும் வளரும். வில்லி பெப் 1946இல் மினியாபொலிஸில் ஒரு குத்துகூட விடாமல், நழுவி நழுவியே ஒரு ரவுண்டை ஜெயித்தார் என்பார்கள். அருமையான கதை, எனக்குச் சந்தேகம்தான், ஆனால் மறுக்கவும் வழியில்லை. அதே வருடம் யாங்கி ஸ்டேடியத்தில் டோனி ஜேல், ராக்கி கிராசியானோ மோதிய முதல் சண்டைக்கும் படம் இல்லை. அவர்களுடைய இரண்டாவதும் மூன்றாவதும் இருக்கின்றன, எல்லோரும் புகழும் முதலாவது மட்டும் கிடையாது. சுகர் ரே ராபின்சனும் ஜேக் லமோட்டாவும் ஆறு தடவை மோதினார்கள், நாம் பார்ப்பது 1951 பிப்ரவரி 14இல் நடந்த ஆறாவதை. தொடர்ந்து 40 சண்டை ஜெயித்திருந்த ராபின்சன் 1943இல் முதல்முறையாகத் தோற்றது இதே லமோட்டாவிடம்தான், ரிங்குக்கு வெளியே கயிற்றின் வழியாக விழுந்தாராம். பார்க்க முடியாது. யூடியூபில் ராபின்சன் என்று நாம் பார்த்து வாய்பிளப்பதெல்லாம் பெரும்பாலும் முப்பது வயதை ஒட்டியும் அதற்கு மேலும் இருந்த ராபின்சன். அதற்கு முந்தையவர் எப்படி இருந்திருப்பார் என்று யோசித்தால் தூக்கம் போய்விடும்.

இவ்வளவாவது மிஞ்சியதற்கு ஜிம் ஜேக்கப்ஸ் என்பவருக்குக் கும்பிடு போடவேண்டும். பழைய சண்டைப் படங்கள் எங்கே இருந்தாலும் தேடிப் போய் வாங்கிச் சேர்த்தவர், பில் கேட்டன் என்பவரோடு கூட்டு வைத்து அதை ஒரு கம்பெனியாகவே நடத்தினார். மைக் டைசன் பையனாக இருந்தபோது ராத்திரி முழுக்கப் போட்டுப் போட்டுப் பார்த்தது இந்தத் தொகுப்பிலிருந்து வந்த படங்களைத்தான், பிறகு ஜேக்கப்ஸே அவருடைய மேனேஜர்களில் ஒருவர் ஆனார். 1988இல் ஜேக்கப்ஸ் இறந்தார், பத்து வருடம் கழித்துத் தொகுப்பு முழுவதும் ஈஎஸ்பிஎன் கைக்குப் போனது.

கிரெப் சண்டை எதுவும் அவரிடமும் சிக்கவில்லை. சிக்கியிருந்தால் இந்நேரம் நாம் ஆயிரம் தடவை பார்த்திருப்போம். ஆனால் ஒன்று. படம் சேர்ப்பதெல்லாம் பிற்பாடு, ஜேக்கப்ஸுக்கு முதலில் பெயர் வாங்கிக்கொடுத்தது ஹேண்ட்பால், அதில் அவர் அமெரிக்க தேசிய சாம்பியன். அந்த மொட்டைமாடி கிளிப்பை அவர் பார்க்காமலா இருந்திருப்பார்? கிரெப் டன்னியை எப்படி அடித்தார் என்று இனி யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. ஹேண்ட்பாலில் கிரெப் தேறுவாரா என்பதை மட்டும் ஜேக்கப்ஸ் ஒரே பார்வையில் சொல்லியிருப்பார்.