ரிசர்வாயர் ஹில்ஸ் வீட்டை எவ்வளவுக்குக் கேட்பது?

ஜூலை 19, 2025, சனி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், ரிசர்வாயர் ஹில்ஸில் இன்று நானும் கணவரும் ஒரு வீடு பார்த்தோம். சரிவில் கட்டிய பழைய செங்கல் வீடு. மூன்று படுக்கையறைகள், பின்புறம் தனியாக ஓர் அவுட்பில்டிங், அதாவது துணைக் கட்டடம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் கீழே உம்கேனிப் பள்ளத்தாக்கு. வீட்டுக்காரர்கள் ஓய்வு பெற்ற ஆசிரியத் தம்பதி. ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் மகனோடு போய்ச் சேரப்போகிறார்கள். சொல்லும் விலை 14,90,000 ரேண்ட்.

வீடு எனக்குப் பிடித்துவிட்டது. அதனாலேயே விலையைப் பற்றி இன்று எதுவும் பேசவில்லை. "இன்னொருவரும் வந்து பார்த்துவிட்டுப் போனார், இந்த வாரமே ஆஃபர் போட்டுவிடுங்கள்" என்றார் தரகர். ஆஃபர் என்றால் வாங்கும் விலையை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது. இப்போது ஆடி மாதம் என்றேன். அவரும் டர்பன் தமிழ்க் குடும்பம்தான். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

14,90,000 எங்கிருந்து வந்தது? வீட்டுக்காரர் மனதில் ஒரு தொகை இருக்கிறது. தரகரின் கமிஷனும் அதற்கு 15 சதவீத வாட் வரியும் அதன் மேல் ஏறியிருக்கின்றன. பேரத்தில் குறைத்துக்கொள்ள இடமும் விட்டிருக்கிறார்கள். கமிஷன் கொடுப்பவர் விற்பவர். எவ்வளவு அன்பாகப் பேசினாலும் தரகர் அவர்கள் பக்கத்து ஆள் என்பதை நான் மறக்கக் கூடாது.

அதே தெருவில் மற்ற வீடுகள் உண்மையில் எவ்வளவுக்குப் போயின என்பதுதான் எனக்கு வேண்டும். விளம்பரத்தில் போட்ட விலை அதற்கு உதவாது. குவாசூலு நட்டால் மாகாணத்தின் பத்திரப் பதிவகம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. சிறு கட்டணம் கட்டினால் ஒரு வீடு கடைசியாக என்ன விலைக்குக் கைமாறியது என்பதை யாரும் பார்க்கலாம். பார்த்தேன். எங்களுக்குப் பிடித்த வீட்டுக்கு மேல்வளைவில் கிட்டத்தட்ட அதே அளவு வீடு ஒன்று சென்ற ஆண்டு 13,75,000க்குப் பதிவாகியிருக்கிறது. நகராட்சியின் மதிப்பீட்டுத் தொகையையும் பார்த்து வைத்தேன், ஆனால் அதை நம்பி விலை கேட்க முடியாது. வரி போடுவதற்காக ஊர் முழுவதற்கும் மொத்தமாகச் செய்யும் கணக்கு அது. கூரை ஒழுகுகிறதா என்று யாரும் உள்ளே வந்து பார்ப்பதில்லை.

ஜூலை 31, வியாழன்

ரிசர்வ் வங்கி இன்று வட்டியைக் கால் சதவீதம் குறைத்தது. வங்கிகள் கடன் வட்டிக்கு அடிப்படையாக வைக்கும் பிரைம் விகிதம் 10.75 சதவீதத்திலிருந்து 10.5 ஆகிறது. 20 ஆண்டுக் கடனில் ஒவ்வொரு பத்து லட்சத்துக்கும் மாதத் தவணை ஏறக்குறைய 10,150லிருந்து 9,980 ஆகிறது. அலுவலகத்தில் எல்லோரும் "இப்போது இன்னும் கொஞ்சம் பெரிய கடனே வாங்கலாம்" என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2023 மே முதல் 2024 செப்டம்பர் வரை பிரைம் 11.75இல் நின்றது. அந்த நாட்களில் தவணை கட்டத் திணறி வீட்டை விற்றவர்களை எனக்குத் தெரியும். 20 ஆண்டில் அந்த விகிதம் திரும்ப வராது என்று யார் உறுதி சொல்வார்கள்?

எனவே இரவு உட்கார்ந்து 11.75 சதவீதத்துக்கே கணக்குப் போட்டோம். நகராட்சி வரி, தண்ணீர், காப்பீடு, மகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் போக மாதம் 13,500 கொடுக்கலாம். அதற்கு 12,45,000 வரை கடன் தாங்கும். கையிருப்பு 2,60,000. சொத்து மாற்றப் பத்திரம், அடமானப் பதிவு, வக்கீல் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து 80,000 ஆகும் என்று மதிப்பீடு வாங்கி வைத்திருக்கிறோம். வக்கீலை நியமிப்பவர் விற்பவர், கட்டணம் கட்டுபவர் வாங்குபவர். இந்த நாட்டு வழக்கம் அப்படி. சொத்து மாற்ற வரி 12,10,000 வரை கிடையாது, அதற்கு மேற்பட்ட முதல் அடுக்குக்கு 3 சதவீதம். எங்கள் கணக்கில் ஐந்தாயிரத்துக்குள் அடங்கிவிடும். பழுதுபார்க்க 60,000 ஒதுக்கினால் முன்பணத்துக்கு 1,20,000 மிஞ்சும்.

ஆக எங்கள் உச்சம் 13,65,000. கணவர் அதை ஒரு தாளில் எழுதித் தேதி போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார்.

ஆகஸ்ட் 2, சனி

கணவரின் மாமா முப்பது வருடம் கட்டட வேலை பார்த்தவர். அவரை அழைத்துக்கொண்டு மறுபடியும் போனோம். மாமா வீட்டுக்குள் நுழையவே இல்லை. நேராகப் பின்பக்கம் போய், சரிவு மண்ணைத் தாங்கும் சுவரின் முன் நின்றார்.

டர்பனில் சரிவில் வீடு வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் அங்கேதான் நிற்க வேண்டும். 2022 ஏப்ரல் மழையில் நானூறுக்கும் மேற்பட்டோர் இந்த மாகாணத்தில் இறந்தார்கள். மண் சரிந்து வீடுகள் அப்படியே இறங்கிப் போயின. இந்தச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடுகிறது. சிமெண்ட் பூசி அடைத்திருக்கிறார்கள். தண்ணீர் வெளியேற விட்ட துளைகளும் பாதி அடைந்து கிடக்கின்றன. மாமா அடிவாரத்தைத் தோண்டிப் பார்த்தார். அஸ்திவாரம் நகரவில்லை, ஆனால் ஒரு பகுதியைப் பிரித்துக் கட்டி வடிகால் போட வேண்டும், அறுபதாயிரம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

வீட்டுக்காரர் எதையும் ஒளிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி விற்பவர் நிரப்பித் தரவேண்டிய குறைபாட்டுப் படிவத்தில், "2022 மழையில் விரிந்தது, பூசினோம்" என்று கைப்பட எழுதியிருக்கிறார். வீட்டை ஃபூட்ஸ்டூட்ஸ், அதாவது உள்ளது உள்ளபடி விற்கிறார்கள். தெரிந்தே மறைத்த குறைக்குத்தான் பிறகு விற்றவரைக் கேட்க முடியும். சொல்லிவிட்ட குறைக்கான விலையை நாம் இப்போதே கேட்டுவிட வேண்டும்.

அவுட்பில்டிங் விஷயம் இன்னும் பெரியது. "வாடகைக்கு விட்டால் மாதம் நாலாயிரம் வரும், தவணைச் சுமை குறையும்" என்று தரகர் அதைக் காட்டித்தான் விலையைச் சொன்னார். வரைபடம் எங்கே என்றார் மாமா. நகராட்சி அனுமதித்த வரைபடத்தில் கார் நிறுத்தும் கொட்டகை மட்டும் இருக்கிறது. அறையும் குளியலறையும் பின்னால் சேர்த்தவை, அனுமதி இல்லை. தீப்பிடித்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கலாம். இடிக்கச் சொல்லி நீதிமன்ற உத்தரவு வாங்க நகராட்சிக்கு உரிமை உண்டு. இந்த ஊரில் பாதி வீடுகளில் இப்படி ஓர் அறை இருக்கிறது, அதில் வாழும் குடும்பங்களும் இருக்கின்றன. அதற்காக நான் அதை விலையில் சேர்க்க முடியாது. என் கணக்கில் அந்த அறைக்கு மதிப்பு பூஜ்யம்.

ஆகஸ்ட் 9, சனி

மகளிர் தின விடுமுறை. சாட்ஸ்வொர்த்தில் அத்தையைப் பார்க்கப் போனோம். கோயிலில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு வந்து, எங்கள் கணக்குகளையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

அவர் பிறந்தது கேட்டோ மேனரில். எந்த இனத்தார் எங்கே வாழலாம் என்று பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் அந்த மண்ணை வெள்ளையருக்கு என்று ஆக்கிய பிறகு, காய்கறித் தோட்டமும் தகர வீடும் போயின. "அப்பாவுக்கு ஒரு தாள் வந்தது. அதில் தொகை எழுதியிருந்தது. கூட்டிக் கேட்கவும் இடமில்லை, வேண்டாம் என்று சொல்லவும் இடமில்லை" என்றார் அத்தை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கேட்கிற விலையை நீயே எழுதப் போகிறாய் அம்மா. அவசரப்படாதே. ஆவணி பிறக்கட்டும்" என்றார்.

இதற்குப் பிறகு வேறு வீடு பார்க்கலாமா என்ற பேச்சே எங்களுக்குள் எழவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி பிறந்துவிட்டது. இன்று ஆஃபரில் கையெழுத்திட்டோம்: 13,15,000.

மேல்வளைவு வீடு போன 13,75,000இல் சுவருக்கு 60,000 கழித்தோம், அவ்வளவுதான். மாமாவின் மதிப்பீட்டையும் பதிவக விலையையும் ஒரு பக்கத்தில் எழுதி ஆஃபரோடு கூடவே வைத்தேன். காரணம் காட்டாமல் குறைத்துக் கேட்டால் அந்தப் பெரியவர்களை அவமதித்ததாகிவிடும். மின்கம்பி வேலை பாதுகாப்பானது என்ற சான்றிதழும், மரத்தை அரிக்கும் வண்டு இல்லை என்று இந்தக் கடலோரத்தில் வழக்கமாகக் கேட்கும் மரவண்டுச் சான்றிதழும் அவர்கள் செலவு என்று சேர்த்தோம்.

வாயால் சொல்லும் விலைக்கு இங்கே மதிப்பில்லை. 1981ஆம் ஆண்டின் நில விற்பனைச் சட்டப்படி எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். விற்பவர் கீழே கையெழுத்துப் போட்ட கணமே அது ஒப்பந்தம். ஐந்து நாளில் மனம் மாறலாம் என்ற சலுகை 2,50,000 வரையுள்ள விலைக்குத்தான். அதனால் 30 நாட்களுக்குள் முழுக் கடனும் கிடைத்தால் மட்டுமே இது செல்லும் என்ற நிபந்தனையை வரிவரியாகப் படித்துப் பார்த்துச் சேர்த்தோம்.

ஆகஸ்ட் 20, புதன்

14,30,000 என்று திருத்தி அனுப்பியிருக்கிறார்கள். இன்னொருவரும் ஆஃபர் கொடுத்திருக்கிறாராம்.

எங்கள் உச்சத்துக்கு மேல் 65,000. இன்றைய வட்டியில் அது மாதம் 650 ரேண்ட். 20 ஆண்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். மாதம் 650தானே என்று மனம் இழுக்கத்தான் செய்கிறது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருக்கும் தாளைக் கணவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

தரகரிடம் விலையைப் பற்றிப் பேசாமல், அவர்களுக்கு வேறென்ன வேண்டும் என்று கேட்டேன். சற்றுத் தயங்கிச் சொன்னார்: அந்த இன்னொருவர் அக்டோபர் முதல் தேதியே குடிவர வேண்டும் என்கிறார்; பதிவு முடியும்வரை வாடகை கொடுப்பாராம். வீட்டுக்கார அம்மாவுக்கோ அக்டோபர் 20 தீபாவளியை அந்த வீட்டில்தான் கொண்டாட வேண்டும்; மகனும் பேரப்பிள்ளைகளும் வருகிறார்கள்.

எங்கள் வாடகை ஒப்பந்தம் டிசம்பர் வரை இருக்கிறது. எங்களுக்கு என்ன அவசரம்? புதிய ஆஃபர் எழுதினோம்: 13,65,000. பதிவு முன்னதாகவே முடிந்தாலும் அக்டோபர் 31 வரை அவர்கள் வாடகையின்றி இருக்கலாம். மரவண்டுச் சான்றிதழுக்கான செலவையும் நாங்களே ஏற்கிறோம். இதுதான் எங்கள் கடைசி விலை என்று சொல்லி அனுப்பினோம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

கையெழுத்திட்டுவிட்டார்கள்.

ஆகஸ்ட் 27, புதன்

வங்கிகளுக்குச் சம்பளச் சீட்டுகளும் கணக்கு அறிக்கைகளும் போயாயிற்று. அடுத்து வங்கியின் மதிப்பீட்டாளர் வருவார். அவர் 13,65,000க்குக் குறைவாக மதிப்பிட்டால் கடன் குறையும். அப்போது 30 நாள் நிபந்தனை எங்களைக் காக்கும், இல்லையென்றால் சுவரைக் காட்டி மறுபடியும் பேச வேண்டியிருக்கும். முன்பணம் வக்கீலின் டிரஸ்ட் கணக்கில், அதாவது மற்றவர் பணத்தைத் தனியாக வைத்திருக்கும் கணக்கில்தான் போக வேண்டும். மின்னஞ்சலில் வரும் கணக்கு எண்ணை மாற்றி ஏமாற்றுகிறவர்கள் இருப்பதால், கணவர் நாளை வக்கீல் அலுவலகத்துக்கே போய் எண்ணை நேரில் வாங்கி வருகிறார்.